ஏழாம் நம்பர் பஸ்ஸின் நாற்பத்தொரு தாள்கள்

நம் உளவியல் ஆய்வு மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் வணக்கம். போன மாதம் உங்களில் ஒருத்தி என் வீட்டுக்கு வந்திருந்தாள். கொடுத்த காபியை ஆறவிட்டுவிட்டு, "உங்க காலத்து வினாத்தாள் ஏதாவது மிச்சம் இருக்கா மேடம்? இப்ப எடுக்கிறதோட ஒப்பிட்டுப் பாக்கணும்" என்று கேட்டாள். 'உங்க காலத்து' என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் போன பிறகு பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். அடியில் ஒரு பழுப்பு உறை கிடந்தது. பல வருடங்களாகப் பிரிக்காத உறை. அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அளவுகோல், கணக்கு, மென்பொருள் எல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள். அதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல வந்தால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள், நானும் விடுவேன். நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். அது புத்தகத்தில் கிடைக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் நம் மையம் செங்கல்பட்டில் ஒரு வாடகை மாடியில் இருந்தது. இரண்டு அறை, ஒரு மின்விசிறி, ஒரே மேசை. அந்த மேசையின் ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் அவள். அவள் பெயரை எழுதப்போவதில்லை, அவளைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமையில்லை. மதுரைப் பக்கத்துப் பெண். கணவருக்கு அணுமின் நிலையத்தில் வேலை, வீடு அணுபுரம் குடியிருப்பில். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே சம்பளம். பொறுமை மட்டும் அவளுக்கு அதிகம்.

எங்கள் ஆய்வு மனிதனின் உள்ளத் தேவைகளைப் பற்றியது. தன் வேலையில் தானே முடிவெடுக்க வேண்டும் என்ற தேவை, தன்னால் முடியும் என்று காட்டும் தேவை, நாலு பேரோடு ஒட்டி உறவாடும் தேவை. சாப்பாடு மாதிரி இவையும் கிடைத்தால் ஆள் தெம்பாக இருப்பான், கிடைக்காவிட்டால் வாடிப்போவான் என்பது அடிப்படை. மறைமலைநகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தொழிலாளர்களிடம் இதை அளக்க அனுமதி வாங்கியிருந்தோம். பதினெட்டு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை எண்கள். 'எனக்குத் துளியும் பொருந்தாது' என்றால் ஒன்று, 'முழுக்கப் பொருந்தும்' என்றால் ஏழு. பொருத்தமான எண்ணைச் சுற்றி வட்டம் போட வேண்டும். பெயர் கேட்கவில்லை. பஸ் எண், பிரிவு, எத்தனை வருட வேலை, இவ்வளவுதான். தாளின் தலையில், 'உங்கள் பதில்களை வேறு யாருக்கும் காட்டமாட்டோம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம்.

பதினேழு வாக்கியங்கள் நாங்கள் பலரைப் பார்த்து எழுதியவை. பதினான்காவது மட்டும் அவள் சொந்தமாகச் சேர்த்தது. 'எனக்கு வேண்டியதை நான் வாய்விட்டுக் கேட்கிறேன்.' இது எந்தத் தேவையிலும் ஒழுங்காக உட்காராது, எடுத்துவிடு என்று நான் மல்லுக்கு நின்றேன். "இருந்துட்டுப் போகட்டும்டி, உன்னை என்ன கடிக்கவா செய்யுது" என்று சிரித்தாள். வாக்கியம் நிலைத்தது.

கம்பெனி பஸ்ஸுக்கு நாற்பது தாள் வீதம் கொடுத்து, மறுநாள் உறையில் போட்டு வாங்கினோம். மற்ற பஸ் தாள்களில் எங்கே பார்த்தாலும் நான்குதான். தன்னைப் பற்றிக் கேட்டால் நம்மாள் நடுவில் போய் ஒளிந்துகொள்வான். அதிகமும் சொல்லமாட்டான், குறைவும் சொல்லமாட்டான். இதை நீங்களும் சீக்கிரமே பார்த்து அலுத்துப்போவீர்கள்.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாக வரும் ஏழாம் நம்பர் பஸ்ஸின் உறை வந்தது. பிரித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லா வட்டமும் பச்சை மையில். ஒரே பேனா. நான்கு என்ற எண்ணை ஒருவர்கூடத் தொடவில்லை. எல்லாம் ஒன்று, இரண்டு, இல்லாவிட்டால் ஆறு, ஏழு. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு தாள். கொடுத்தது நாற்பது. ஒன்று மட்டும் ஜெராக்ஸ், எங்கள் மைய முத்திரை சாம்பல் பூத்துத் தெரிந்தது.

யாரோ ஒருவன் உட்கார்ந்து மொத்தத்தையும் கிறுக்கித் தள்ளியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். அன்று மதியமே மறைமலைநகர் போனேன். எங்களுக்கு அனுமதி கொடுத்த, தொழிலாளர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசரிடம், "ஏழாம் நம்பர் பஸ் தாள் எல்லாம் பொய் சார், நாற்பது கொடுத்தா நாற்பத்தொண்ணு வருது, ஒண்ணு ஜெராக்ஸ்" என்று நானே வாயைக் கொடுத்தேன். பொய்யைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை. அவர் முகம் இறுகியது. அப்போது கம்பெனியில் யூனியன் தகராறு புகைந்துகொண்டிருந்தது.

"கூட்டு சேந்து எழுதியிருக்காங்க மேடம். யாரு தூண்டிவிட்டான்னு எனக்குத் தெரியணும். நிரந்தரம் பண்ற லிஸ்ட் இந்த மாசம் ரெடியாகுது. இதுல சம்பந்தப்பட்டவன் எவனாவது அதுல இருந்தா பேரை அடிச்சிடலாம். தாளை எல்லாம் கொண்டாந்து குடுங்க. பிரிவும் சர்வீசும் இருந்தாப் போதும், ஆளைச் சொல்லிடுவேன்" என்றார்.

சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். காட்டமாட்டோம் என்று கொட்டை எழுத்தில் போட்டது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கே வரவில்லை. பொய்யான தாளுக்கு எதற்கு வாக்குறுதி என்று எங்கோ ஓர் ஓரத்தில் நினைத்திருக்கலாம்.

மேசைக்கு எதிரே இருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அந்த பஸ்ல போய்ப் பாத்தியா?"

"எதுக்கு?"

"பொய் சொல்றவன் எல்லாத்தையும் ஒரே மாதிரி போடுவான்டி. இதுல ரெண்டு தாள்கூட ஒண்ணுபோல இல்ல. போய்ப் பாத்துட்டு வந்து பேசு."

மறுநாள் விடியற்காலையிலேயே கிளம்பி மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தேன். ஆறரைக்கு ஏழாம் நம்பர் பஸ் வந்தது. ஓட்டுநரிடம் காலேஜ் மேடம் என்று சொல்லி ஏறினேன். கடல் காற்றில் புடவை பிசுபிசுத்தது. பஸ் நிறைந்திருந்தது. நடுவில் ஜன்னலோரம் ஓர் இடம் காலி, அதன்மேல் ஒரு டிபன் பை. பக்கத்தில் ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் பையை நகர்த்தக் கையை நீட்டினேன், அவ்வளவுதான். மொத்த பஸ்ஸும் கத்தியது.

"யம்மா! அது லூர்து சீட்டு!"

நான் பயந்து கையை எடுத்தேன். "லூர்து எங்க ஏறுவார்?" என்று கேட்டேன்.

"ஏற மாட்டான். அவன் போயி ஏழு மாசம் ஆவுது" என்றார் பின் சீட்டுக்காரர். அவர் சட்டைப்பையில் பச்சை மைப் பேனா. சரக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலை அவருக்கு, அதற்காகக் கம்பெனி கொடுத்த பேனா.

ஒல்லி ஆள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "குந்துங்க மேடம், பரவால்ல" என்றார். அவர் பெயர் ஏகாம்பரம். நான் உட்கார்ந்ததும் பின்னாலிருந்து விசாரணை தொடங்கியது. விசாரிக்கப் போனது நான், விசாரித்தது அவர்கள்.

"பேப்பர் குடுத்த மேடம்தான நீங்க? எல்லாம் ஒயுங்காக் கீதா?"

"யார் ரொப்பினது?" என்றேன்.

"ஆளாளுக்குத்தான். எனுக்கு இவன் ரொப்புனான், இவனுக்கு நான் ரொப்புனேன். பேனா ஒண்ணுதான் கீது, பஸ்ஸு முழுக்க சுத்தி வந்திச்சு."

"உங்க தாளை நீங்களே எழுதணும்னுதானே போட்டிருந்தோம்?"

"அது இன்னா மேடம்? 'நான் கெட்டிக்காரன், நான் எல்லாருக்கும் வேண்டியவன்'னு நம்மளப் பத்தி நாமளே எழுதிக்கினா அசிங்கமா இல்ல? இவன் எட்டு வருசமா பக்கத்துல குந்திகினு வரான். எனுக்குத் தெரியாதது இவனுக்குத் தெரியும்."

பின் சீட்டுக்காரருக்குப் பக்கத்து ஆள் ஆமாம் என்று தலையாட்டினார். "அண்ணாத்த மேஸ்திரிய எதுத்துப் பேசமாட்டாரு மேடம். அதுக்கு ரெண்டு போட்டேன். அவரே போட்டிருந்தா ஏழு போட்டிருப்பாரு!" பஸ் சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு ஏன் இல்லை என்று புரிந்தது. தன்னைப் பற்றி எழுதத்தான் ஆளுக்குத் தயக்கம். பக்கத்து சீட்டுக்காரனைப் பற்றி யாருக்குத் தயக்கம்? நான் பொய் என்று போட்டுக்கொடுத்த கட்டு அந்த ஆய்விலேயே மிகக் கவனமாக எழுதப்பட்ட கட்டு.

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியது. ஏகாம்பரம் என் பக்கம் திரும்பாமலே மெதுவாகச் சொன்னார்.

"நாப்பத்தொண்ணு வந்திச்சுன்னு தேடிகினு வந்தீங்களா மேடம்? அது என்னுதுதான்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"எல்லாரும் பக்கத்து ஆளுக்கு ரொப்புனாங்க. எனுக்கு ரொப்ப ஆளில்ல. லூர்து இருந்தா இன்னா போட்டிருப்பானோ அத்த நெனச்சி நெனச்சி நானே போட்டேன். அப்பால, அவனுக்கு நான் ரொப்பாம வுட்டா நல்லா இருக்காதுன்னு தோணிச்சு. ஜெராக்ஸ் எடுத்துகினு வந்து அவனுக்கும் ஒண்ணு போட்டேன். தப்பா மேடம்?"

அவருக்கும் லூர்துவுக்கும் அடுத்தடுத்த ஊர். ஒருவர் வீட்டில் மாரியம்மன் படம், மற்றவர் வீட்டில் மாதா படம். இரண்டு பேருடைய அப்பாக்களும் ஒரே ஆள் நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள். ஒரே நாளில் கம்பெனியில் சேர்ந்து, எட்டு வருடம் இந்த இரண்டு சீட்டில் வந்திருக்கிறார்கள். லூர்து நிரந்தரமானதும் வேறு மாநிலத்தில் திறந்த புது யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

"நீங்களும் அங்கே போகலாமே?" என்றேன்.

"பெர்மனென்ட் ஆனாத்தான் மாத்தல் கேக்க முடியும். இந்த மாச லிஸ்ட்ல என் பேரு கீதுன்னு சொல்லிக்கினு கீறாங்க. வந்துடும் மேடம்." மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டு, "ஆனாலும் எனுக்குக் கேக்க வராது. பதினாலாவதுக்கு ஒண்ணுதான் போட்டேன். லூர்து இருந்தா அதான் போட்டிருப்பான். நான் வாயத் தொறந்து எதையும் கேக்கமாட்டேன்னு அவனுக்குத் தெரியும்" என்றார்.

இவர் பெயரைத்தான் நான் அடிக்க வைத்திருக்கிறேன். லூர்துவின் தாளில் லூர்துவின் பிரிவும் சர்வீசும் இருக்கும். அந்த ஒரு தாளைப் பார்த்தாலே ஆபீசர் ஆளைப் பிடித்துவிடுவார், லூர்துவுக்காக எழுத வேறு யார் இருக்கிறார்கள்? செங்கல்பட்டில் ஏரி கண்ணில் பட்டதும் எழுந்துகொண்டேன். நான் நகர்ந்ததும் ஏகாம்பரம் பையைத் திரும்ப அந்த சீட்டில் வைத்தார்.

மாடிக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதேன் என்றே சொல்லலாம். தாள்களைக் கொடுக்காவிட்டால் அனுமதி போய்விடும். இன்னும் ஆறு பஸ் பாக்கி. அந்தத் தகவலை நம்பி என் முனைவர் பட்டமும் இருந்தது, அவள் பட்டமும் இருந்தது. கிழித்துப் போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"கிழிக்கிறதுக்கா அவங்க எழுதிக் குடுத்தாங்க? இங்க கொண்டா" என்று உறையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். "இது எங்க வீட்டு அரிசி டிரம்முல இருக்கும். ஆபீசர் கேட்டா, என்கிட்ட இல்லைன்னு சொல்லு. பொய்யா இருக்காது."

"உன் படிப்பு?"

"அது கிடக்கு. நீ போ."

போனேன். நாற்காலியில் உட்காரச் சொல்லாமலே அவர் கையை நீட்டினார். நான் எண்ணியது தப்பு சார், ஜெராக்ஸையும் சேர்த்து நானே நாற்பத்தொன்று கொடுத்திருக்கிறேன் போல, பொய் என்று சொன்னதும் என் அவசரம், மன்னிக்கணும் என்றேன். இதில் எண்ணிக்கையைப் பற்றிச் சொன்னது பச்சைப் பொய். ஆய்வு வாழ்க்கையில் ஓர் எண்ணைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய். அது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். என் வாயால் வந்த வினையை என் தலையில் போட்டுக்கொள்ள அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை.

"சரி, தாளைக் குடுங்க, நானே எண்ணிக்கிறேன்."

"என்கிட்ட இல்லை சார். இருந்தாலும் தரமுடியாது. யாருக்கும் காட்டமாட்டோம்னு அச்சடிச்சுக் குடுத்திருக்கோம்."

"அப்ப இனிமே இந்தக் கேட்டுக்குள்ள வராதீங்க" என்றார். எங்கள் இரண்டு பேர் பட்டமும் இரண்டு வருடம் தள்ளிப்போயிற்று. அவள் ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை.

சில மாதம் கழித்து செங்கல்பட்டில் சாலையைக் கடக்க நின்றிருந்தேன். ஏழாம் நம்பர் பஸ் வந்து நின்றது. பச்சை மைப் பேனாக்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"மேடம்! ஏகாம்பரத்துக்கு பெர்மனென்ட் ஆயிச்சு. ஆன மறு வாரமே ஆபீசர் ரூமுக்கு நேராப் போயி, மாத்தல் குடுங்கன்னு கேட்டுட்டான். குடுத்துட்டாங்க! லூர்து கிட்டயே பூட்டான்."

"அவரா கேட்டார்?"

"அவனேதான்! எங்களுக்கே நம்ப முடியல மேடம்."

"அந்த சீட்டு?"

"ரெண்டு புதுப் பசங்க குந்திகினு வரானுங்க" என்று கத்தும்போதே பஸ் நகர்ந்துவிட்டது. மாடிக்கு ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. அதற்காக ஏங்காத வாரம் இல்லை.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடத்தில் அவள் கணவருக்கு வடக்கே மாற்றலாயிற்று. பொருள் ஏற்றும் நாளில் அணுபுரம் போயிருந்தேன். லாரி நின்றது, பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. அரிசி டிரம்மிலிருந்து எடுத்த உறையைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். "உன் ஏழாம் நம்பர் பஸ். பத்திரமா வெச்சுக்க" என்றாள். பிறகு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏதோ சொல்வேன் என்று காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. அடிக்கடி எழுது என்று சொல்லியிருக்கலாம். வருடத்துக்கு ஒருமுறையாவது வா என்று கேட்டிருக்கலாம். நான் கேட்டது, "பெட்டியெல்லாம் எண்ணிட்டியா?"

"எண்ற வேலை உன்னோடதுதானே" என்று சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வந்தது. நானும் அனுப்பினேன். அவள் எழுதினால் எழுதலாம் என்று நானும், நான் எழுதினால் எழுதலாம் என்று அவளும் இருந்தோமோ என்னவோ, நாலைந்து வருடத்தில் அதுவும் நின்றது. என் எதிர்ப்பக்க நாற்காலியில் பிறகு பலர் உட்கார்ந்தார்கள். நல்லவர்கள்தான். அவர்கள் உட்காரும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஏழாம் நம்பர் பஸ் மாதிரி கத்தவேண்டும் போலிருக்கும். கத்தியதில்லை.

உங்கள் தோழி கேட்டதற்காகத்தான் போன மாதம் அந்த உறையைப் பிரித்தேன். அரிசி வாசனை துளியும் மிச்சமில்லை. கொடுக்கும் முன் எண்ணிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். நாற்பத்திரண்டு வந்தது. வயசாகிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடி எண்ணினேன். நாற்பத்திரண்டு.

கடைசித் தாளில் பஸ் எண் இல்லை. பிரிவு என்ற இடத்தில் 'மாடி, மேசையின் எதிர்ப்பக்கம்' என்று அவள் கையெழுத்து. பச்சை மை. இதற்காகவே ஒரு பேனா வாங்கியிருக்கிறாள். பதினெட்டுக்கும் வட்டம் போட்டிருந்தாள், எனக்காக. அவசரப்படுவதை அவசரம் என்றும், நேசிப்பதை நேசம் என்றும் ஒரு எண்கூடப் பிசகாமல் போட்டிருந்தாள். 'என்னைப் புரிந்துகொண்டவர் என் வேலையிடத்தில் இருக்கிறார்' என்பதற்கு ஏழு. பதினான்காவதுக்கு ஒன்று.

மாற்றலாகிப் போகும் முன்பே என்னை அப்படி எழுதி, அதை என் கையிலேயே கொடுத்துவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் பெட்டியை எண்ணச் சொன்னேன். ஏகாம்பரம்கூட ஆபீசர் அறைக்குள் போய்க் கேட்டுவிட்டார். அவர் பேரைக் காப்பாற்றிய பெருமையில் இருந்த எனக்கு இவ்வளவு வருடம் கேட்க வரவில்லை.

பிள்ளைகளே, தாள்களை உங்களிடம் தருகிறேன். பிரிவையும் சர்வீசையும் மறைத்துவிட்டேன், ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணிக்கை பொருந்தாத கட்டு உங்களிடமும் வரும். யாரிடமும் வாயைக் கொடுக்கும் முன் அந்த பஸ்ஸில் ஒருமுறை ஏறிப் போய்வாருங்கள். உறையில் நாற்பத்தொன்றுதான் இருக்கும். நாற்பத்திரண்டாவது என்னுடையது, அதைத் தரமாட்டேன்.

அவளுடைய வடக்குக் குடியிருப்பின் முகவரி பழைய பொங்கல் அட்டையின் பின்னால் இருந்தது. இன்னும் அங்கே இருக்கிறாளா, தெரியாது. அந்த முகவரிக்கு எழுதிய கடிதத்தில் நலம் விசாரிக்கவில்லை, கதை எதுவும் எழுதவில்லை. 'உன்னைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது. ஒருமுறை வா' என்று மட்டும் எழுதினேன். போன செவ்வாய்க்கிழமை தபாலில் சேர்த்தேன்.